தாராக்குஞ்சு செத்தால் முதலில் வயதைக் கேளுங்கள்

புத்தளத்தின் குறிஞ்சிப்பிட்டி போன்ற கரையோர ஊர்களில் தாரா முட்டையைக் கோழிக்கு அடை வைப்பது புதிதல்ல. 28 நாளில் பொரித்த குஞ்சுகள் இரண்டாம் வாரத்தில் ஒரே நாளில் கொத்தாகச் செத்தால் வீட்டார் பனி என்பார்கள், பாம்பு என்பார்கள். கால்நடைப் பணியாளர்களான நம்மில் சிலர் அன்டிபயோட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். வந்திருப்பது தாராவின் வைரஸ் ஈரல் அழற்சியாக இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை.

1949இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் பண்ணைகளில் கண்டறியப்பட்ட நோய் இது. குஞ்சு பக்கவாட்டில் விழுந்து காலை உதைக்கும். தலை முதுகுப்பக்கம் வளையும். ஒரு மணித்தியாலத்துக்குள் கதை முடிந்துவிடும். ஒரு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளில் இறப்பு 95 வீதம் வரை போகலாம். ஆறு வாரம் கடந்தவை தப்பிவிடும். தாய்த்தாராவுக்கு ஒன்றும் தெரியாது. அடைகாத்த கோழியும் நலமாகத்தான் திரியும். குஞ்சுக்குப் பாதுகாப்பு அந்தக் கோழியிடமிருந்து வருவதில்லை, முட்டையிட்ட தாராவின் மஞ்சள் கருவிலிருந்து வருகிறது. தடுப்பூசியை இனப்பெருக்கத் தாராவுக்குப் போடச் சொல்வது அதனால்தான்.

வயிற்றைத் திறந்தால் வீங்கிய ஈரலில் இரத்தப்புள்ளிகள். இங்கேதான் அவசரப்படக்கூடாது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கிலுள்ள அஃப்ளடொக்சினும் இதே ஈரலைக் கெடுக்கும், தலையையும் வளைக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்ற கடலைப் புண்ணாக்கு தாராக்குஞ்சுகளையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே தீனிச் சாக்கைத் திறந்து பாருங்கள், முகருங்கள். ஈரல் துண்டோடு தீனியிலும் ஒரு பிடி ஐஸ் பெட்டியில் ஆய்வுகூடத்துக்குப் போகட்டும்.

பெரிய தாராக்களும் சேர்ந்து செத்தால் கதை வேறு. உணவுக்குழாயிலும் மலவாயிலும் மஞ்சள் படலம் இருந்தால் தாராக் கொள்ளைநோயை நினையுங்கள். அது ஹேர்ப்பீஸ் வகை. பறவைக் காய்ச்சலையும் ஒதுக்கிவிட முடியாது. 2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டுத் தாராக்களில் எச்5என்1 வந்தது. வலசை வரும் நீர்ப்பறவைகளுக்குப் புத்தளம் களப்பும் தங்குமிடம்தான். அந்தச் சந்தேகம் எழுந்தால் முற்றத்தில் கத்தியை எடுக்கவே வேண்டாம், உடனே மேலிடத்துக்கு அறிவியுங்கள்.

ஈரல் அழற்சிதான் என்று உறுதியானால், நோய் தொடாத குஞ்சுகளுக்கு எதிர்ப்புச் சீரம் அல்லது மஞ்சள் கருப் பிறபொருளெதிரி கிடைக்குமா என்று பாருங்கள். பிழைத்த குஞ்சின் எச்சத்தில் எட்டு வாரம் வரை வைரஸ் வெளியேறும். ஈர எச்சத்தில் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடிருக்கும். அதே கூட்டில் அடுத்த அடைக் குஞ்சுகளை விட வீட்டார் அவசரப்படுவார்கள். அதைத் தடுப்பது நம் வேலை.