ப்ளூ காய்ச்சலும் இரண்டு நாள் கூலியும்

மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழை இறங்கிய சில வாரங்களுக்குள் மும்பை மருத்துவமனைகளில் இன்புளூயன்சா என்னும் ப்ளூ காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை உயர்வது வழக்கம். நாட்டின் பல பகுதிகளில் இக்காய்ச்சல் ஆண்டுக்கு இரு முறை தலைதூக்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு முறை. மழைக்காலத்தையும் அதற்கு அடுத்த வாரங்களையும் ஒட்டி மறுமுறை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் தமிழகத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அதன் வேகம் கூடுகிறது.

ஒவ்வொரு முறையும் சுகாதார அதிகாரிகள் வெளியிடும் அறிவுரை ஒன்றே. காய்ச்சல் கண்டவர் வீட்டிலேயே தனித்திருந்து ஓய்வெடுக்க வேண்டும். கூட்டத்தில் கலக்கக் கூடாது. இருமும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மருத்துவ ரீதியில் இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து வாடகை கொடுக்கும் ஓர் அறையில் தனித்திருப்பது எப்படி? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்றால் ஓய்வெடுப்பது எப்படி? இந்தக் கேள்விகளுக்கு எந்த அறிவிப்பிலும் பதில் இருப்பதில்லை. காய்ச்சல் பரவுவதும் அடங்குவதும் பெரும்பாலும் இந்தப் பதிலைப் பொறுத்தே அமைகிறது என்பதைக் கடந்த நூறாண்டு அனுபவம் காட்டுகிறது.

1918இன் பாடம்

1918 ஜூன் 10ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் காவல் பணியிலிருந்த ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அடுத்த சில நாட்களில் கப்பல் கம்பெனி, துறைமுக நிர்வாகம், வங்கி, தந்தி அலுவலகம், நாணயச்சாலை, பஞ்சாலை என ஒவ்வொன்றிலும் ஊழியர்கள் படுத்தனர். வேலைத்தலங்களே நோய் பரவும் தலங்களாயின. செப்டம்பரில் எழுந்த இரண்டாவது அலை மிகக் கொடியது. அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரில் 768 மரணங்கள் பதிவாயின. இந்தியா முழுவதிலும் 1 கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நாட்டின் ஜனத்தொகை முந்தைய கணக்கைவிடக் குறைந்து காணப்பட்டதற்கு இதுவே முதன்மையான காரணம்.

பம்பாயில் அன்று இறந்தவர்களின் விகிதம் கவனிக்கத்தக்கது. ஐரோப்பியரில் ஆயிரத்துக்குச் சுமார் 8 பேர் இறந்தனர். தாழ்த்தப்பட்ட சாதியினரில் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல். கிருமி சாதி பார்ப்பதில்லை. நெரிசலான குடியிருப்பு, அரைவயிற்றுச் சாப்பாடு, கவனிக்க ஆளின்மை ஆகியவையே இந்த வேற்றுமையை உண்டாக்கின. அந்த ஆண்டு மழை பொய்த்து, தானிய விலை ஏறியிருந்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது.

1957இல் வந்த ஆசிய ப்ளூவின் வாசல் சென்னைத் துறைமுகம். மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் இருந்தவர்களிடம் நோய் தென்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்த இன்புளூயன்சா மையம் அதை ஆராய்ந்தது. ஆயினும் சில வாரங்களில் நோய் நாடெங்கும் பரவிவிட்டது. கப்பலையும் ரயிலையும் கண்காணிப்பதால் இந்த நோயைத் தாமதப்படுத்தலாமே தவிரத் தடுத்து நிறுத்த முடியாது என்பது அப்போதே தெளிவாயிற்று.

பள்ளி மூடிற்று, பட்டறை மூடவில்லை

2009இல் எச்1என்1 வகைக் காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, இந்தியாவின் முதல் மரணம் ஆகஸ்ட் 3ஆம் தேதி புனே நகரில் நிகழ்ந்தது. இறந்தவர் ஒரு பள்ளி மாணவி. பீதி பரவிற்று. முகக்கவசங்கள் பல மடங்கு விலைக்கு விற்றன. பரிசோதனைக்காக மருத்துவமனை வாசலில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். நோய் இல்லாதவரும் நோயைப் பெற்றுச் செல்ல அந்த வரிசையே இடமளித்தது. மும்பையில் பள்ளி, கல்லூரிகள் ஒரு வாரமும் சினிமா கொட்டகைகள் மூன்று நாட்களும் மூடப்பட்டன. ஆனால் பட்டறைகளும் அலுவலகங்களும் இயங்கின. புறநகர் ரயில்களும் நிரம்பி வழிந்தன.

பின்னர் மத்திய அரசு நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து வழிமுறை வகுத்தது. இலேசான காய்ச்சலுக்குப் பரிசோதனை தேவையில்லை. வீட்டில் ஓய்வு போதும். கர்ப்பிணிகள், முதியோர், சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவரின் ஆலோசனைப்படி ஓசெல்டாமிவிர் மருந்து. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உதடும் நகமும் நீலமாதல், மயக்கநிலை ஆகிய அறிகுறிகள் கண்டால் உடனே மருத்துவமனை. இந்தப் பிரிவினை இன்றும் பயனுள்ளது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் அம்மருந்தைத் தொடங்கினால் பலன் அதிகம். ப்ளூ வைரசை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கொல்வதில்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது, தேவையின்றி அவற்றை எழுதித்தர வேண்டாம் என்று இந்திய மருத்துவச் சங்கம் மருத்துவர்களையே கேட்டுக்கொண்டது. கடைக்காரரிடம் கேட்டு இரண்டு வேளை விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவோர் இதை மனதில் கொள்வது நல்லது.

விடுப்பு என்னும் மருந்து

நோய் கண்டவர் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்கு அதைத் தரக்கூடியவராகிறார். அறிகுறி தொடங்கிய முதல் மூன்று, நான்கு நாட்களில் அந்த அபாயம் மிக அதிகம். எனவே முதல் நாட்களில் எடுக்கும் ஓய்வே அறையில் இருப்பவர்களையும் பட்டறைத் தோழர்களையும் காக்கிறது.

சட்டமோ இதற்கு நேர்மாறாக அமைந்தது. 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் நோயுற்ற தொழிலாளிக்கு உதவித்தொகை வழங்கிய முன்னோடிச் சட்டம். அதன்கீழ் அமைந்த திட்டத்தில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்க வழி உண்டு. ஆனால் நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு உதவித்தொகை இல்லை என்பது அச்சட்டத்தின் விதி. முந்தைய நோய் முடிந்து 15 நாட்களுக்குள் மீண்டும் படுத்தால் மட்டும் விலக்கு. பொய்ச் சீட்டுகளைத் தடுக்க அது உதவலாம். எனினும் நோய் மிக வேகமாகத் தொற்றும் இரண்டு நாட்களில் தொழிலாளியை வேலைக்கு விரட்டுவதும் அதுவே.

இத்தனையும் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்குத்தான். ஓட்டல் சமையற்கூடம், கட்டட வேலை, தோல் பட்டறை, மூட்டை தூக்குதல் எனக் காண்ட்ராக்டர் மூலம் வேலை பார்ப்போரில் பலருக்கு அந்த அட்டையே கிடையாது. அலுவலகக் குமாஸ்தாக்களின் நிலை சற்று மேல். மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பும் 20 நாள் அரைச் சம்பள விடுப்பும் உண்டு. மகாராஷ்டிரக் கடைகள், நிறுவனங்கள் சட்டமும் (2017) பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் 8 நாள் சம்பளத்துடன் கூடிய தற்செயல் விடுப்பை அளித்தது. ஆனால் அந்த விடுப்பைப் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் சேர்த்து வைப்பவர், காய்ச்சலோடு மேஜைக்கு வந்து உட்காருகிறார். அடுத்த வாரம் அந்தப் பிரிவே படுத்துக்கொள்கிறது.

தாராவி காட்டிய வழி

வேறு வழி இல்லாமல் இல்லை. சுமார் 2.5 சதுர கிலோமீட்டரில் லட்சக்கணக்கான மக்கள், அவர்களில் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் பலர், நெருக்கியடித்து வசிக்கும் தாராவியில் 2020 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். வீட்டில் தனித்திருக்கச் சொல்லிப் பயனில்லை என்று உணர்ந்த மாநகராட்சி, பள்ளிகளையும் கல்யாண மண்டபங்களையும் எடுத்துப் படுக்கை போட்டது. வேளைக்குச் சாப்பாடு கொடுத்தது. காய்ச்சல் முகாம்களைத் தெருவுக்கே கொண்டுவந்தது. ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் அதைப் பாராட்டினார். பெருந்திரளான தொழிலாளர்கள் அப்போது ஊர் திரும்பிவிட்டதும் நோய் தணிய ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் மக்கள் தனித்திருக்க முன்வருவார்கள் என்பது அங்கே மெய்ப்பட்டது.

தடுப்பூசியும் உண்டு. கிருமி உருமாறுவதால் ஆண்டுதோறும் போட வேண்டும். போட்டு இரண்டு வாரங்களுக்குப் பிறகே பலன் தரும். மும்பைவாசிகளுக்கு மழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களே ஏற்ற காலம். தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்க்கப்படாததால், பெரும்பாலோர் காசு கொடுத்தே போட வேண்டியிருக்கிறது.

தனிமனிதர் செய்யக்கூடியவை சில. ஓர் அறையில் ஒருவர் படுத்தால் அவருக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்து, தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்கலாம். அவருடைய தம்ளரைத் தனியே வைக்கலாம். கதவு, ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அறைவாசிகள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு வைத்தால், படுத்தவருக்கு இரண்டு நாள் கஞ்சிக்கு உதவும். ஆனால் அந்த இரண்டு நாள் கூலியை ஈடுசெய்வது அறைவாசிகளின் பொறுப்பல்ல. தொற்றுக்காய்ச்சலுக்கு முதல் நாளிலிருந்தே உதவித்தொகை, காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டை, சீட்டு கேட்காமல் இரண்டு நாள் விடுப்பு ஆகிய மூன்றையும் தொழிற்சங்கங்கள் அடுத்த மழைக்கு முன்னரே கேட்டுப் பெற வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு பட்டறையே படுத்துவிடுவதால் ஏற்படும் நஷ்டத்தைவிடப் பெரியதாக இருக்க முடியாது.