எண்கள் இல்லாத வரைபடங்கள்

2020 பிப்ரவரி 22-ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் மிசிசிபி மாநிலத்தில் சடார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே கார்பன் டை ஆக்சைடு கொண்டுசெல்லும் குழாய் ஒன்று வெடித்தது. பெருமழையால் மண் சரிந்ததில் குழாயின் பற்றவைப்பு விட்டுப்போயிற்று. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தரையாகப் பரவி ஊரைச் சூழ்ந்தது. ஆக்சிஜன் போதாமல் வாகனங்களின் எஞ்சின்கள் நடுவழியில் நின்றன. ஏறத்தாழ 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவ உதவி நாடினர். எவரும் இறக்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல். வாயு எவ்வளவு தொலைவு பரவும் என்று நிறுவனம் முன்கூட்டியே போட்டிருந்த கணக்கு உண்மையைவிடக் குறைவாக இருந்ததாக, 2022-இல் வெளியான அரசின் விசாரணை அறிக்கை கூறியது. சடார்ஷியாவுக்கு ஆபத்து நேரலாம் என்பதே அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

இத்தகைய கணக்குகள் யாவும் குழாய்க்குள்ளிருந்துதான் தொடங்குகின்றன. அதிக அழுத்தத்தில் செல்லும் கார்பன் டை ஆக்சைடு, அழுத்தம் சட்டென்று குறையும்போது கொதித்து, திரவமும் வாயுவும் கலந்த பாய்வாக மாறுகிறது. மேலும் குளிர்ந்தால் ஒரு பகுதி உலர்பனியாக உறைகிறது. எவ்வளவு, எத்தனை நிமிடங்களில் வெளியேறும் என்பதை இந்தக் கலவையின் இயல்பே தீர்மானிக்கிறது. பொறியாளர்கள் இதைப் பல்நிலைப் பாய்வு என்கின்றனர்.

எண்ணெய்த் தொழிலுக்கு இது பழகிய சிக்கல். நார்வேயின் ஸ்னோவித் வயலில் கடலின் மேற்பரப்பில் மேடை எதுவும் இல்லை; எரிவாயு, அதிலிருந்து பிரியும் இலகு எண்ணெய், நீர் ஆகிய மூன்றும் சுமார் 143 கிலோமீட்டர் தொலைவு ஒரே குழாயில் கரைக்கு வருகின்றன. தாழ்வான இடங்களில் திரவம் தேங்கி வழியை அடைக்கும். பின்னால் வாயுவின் அழுத்தம் சேர்ந்ததும் அந்தத் திரவம் மொத்தமாகக் கிளம்பிக் கரையிலுள்ள கலன்களை நிரப்பும். கலன் சிறிதாக இருந்தால் ஆலையை நிறுத்த வேண்டும். தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் கோடிகள் வீண். ஆகவே எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வல்லவர்களுக்கு மதிப்பு அதிகம்.

அதைச் சொல்லும் சூத்திரங்கள் எங்கிருந்து வந்தன? 1973-இல் அமெரிக்காவின் டல்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்ஸ், பிரில் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். 1 அங்குலமும் 1.5 அங்குலமும் விட்டம் கொண்ட, 90 அடி நீளக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் குழாய்களில் காற்றையும் நீரையும் செலுத்தி, சாய்வை மாற்றி மாற்றி 584 அளவீடுகள் எடுத்திருந்தனர். எளிய சோதனைதான், ஆனால் எல்லோரும் படிக்கக்கூடிய இதழில் வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தச் சூத்திரம் வகுப்பறைகளிலும் வணிக மென்பொருள்களிலும் உயிரோடிருக்கிறது. அதன் குறைகளை அடுத்துவந்தவர்கள் எடுத்துக்காட்ட முடிந்ததும் அது வெளிப்படையாக இருந்ததால்தான்.

1980-களில் நிலைமை மாறியது. நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் நகருக்கு அருகே டில்லரில், சின்டெஃப் ஆய்வு நிறுவனம் 8 அங்குலக் குழாயில், உயர் அழுத்தத்தில் சோதனைகள் நடத்தியது. எண்ணெய் நிறுவனங்கள் பணம் கொடுத்தன. அந்த அளவீடுகளைக் கொண்டு செம்மைப்படுத்தப்பட்டதே ஓல்கா என்ற கணினி நிரல். அதன் கோட்பாட்டை விளக்கும் கட்டுரை 1991-இல் வெளியானது. அளவீடுகளோ பெரும்பாலும் பணம் கொடுத்தவர்களின் பெட்டகத்திலேயே தங்கின. 2012-இல் ஓல்காவை விற்றுவந்த நிறுவனத்தை ஷ்லும்பெர்ஜே வாங்கிவிட்டது. பணம் போட்டவர் பயனை எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கோட்பாடு பொது, சான்று தனியார் சொத்து என்ற பிரிவினை இத்துறையின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த வழக்கத்தை நேரில் காண, இத்துறை மாநாடுகளுக்குக் கட்டுரைகள் எப்படி வந்துசேர்கின்றன என்று பார்த்தாலே போதும். பிரான்சின் கான், கனடாவின் பான்ஃப் ஆகிய ஊர்களில் நடந்துவரும் பல்நிலைப் பாய்வு மாநாடுகள் இத்துறையினருக்கு நன்கு தெரிந்தவை. இத்தகைய மாநாட்டுக்கு முதலில் சில நூறு சொற்களில் சுருக்கம் அனுப்ப வேண்டும். அது ஏற்கப்பட்டால் முழுக் கட்டுரை. பிறகு மதிப்பீட்டாளர்களின் திருத்தம். எண்ணெய் நிறுவன ஊழியருக்கு இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு வாசல் உண்டு: தம் நிறுவனத்தின் ஒப்புதல். வயலின் பெயர் மறைக்கப்படும். வரைபடத்தின் அச்சுகளில் அழுத்தம், பாய்வு வேகம் எனத் தலைப்பு இருக்கும், எண்கள் இருக்கா. இருந்தாலும் ஏதோ ஓர் எண்ணால் வகுக்கப்பட்டு 0 முதல் 1 வரை மட்டும் காட்டும். கணினிக் கோடும் அளவீட்டுப் புள்ளிகளும் அழகாகப் பொருந்தியிருக்கும். பொருத்தம் மெய்தானா என்று சோதிக்க வாசகரிடம் ஏதுமில்லை. இப்படிப்பட்ட படத்தைக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டில் வைத்தால் வழிகாட்டி ஏற்பாரா?

எண்களைக் கேட்டால் கட்டுரையே வராது என்பது மாநாட்டு அமைப்பாளர்கள் தரப்பில் சொல்லக்கூடிய நியாயம். அதில் உண்மை உண்டு. அருகிலேயே போட்டி நிறுவனம் உரிமம் வைத்திருக்கும்போது வயலின் விவரங்களை எவரும் அச்சிடமாட்டார். எண்ணற்ற வரைபடமும் போக்கைக் காட்டுமே என்று எண்ணெய் வயல்களைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்கலாம்.

கார்பன் டை ஆக்சைடு குழாய்களுக்கு அந்த நியாயம் செல்லாது. இங்கே காக்கவேண்டிய நிலத்தடி வளம் என்று ஏதுமில்லை. குழாய் மக்கள் வாழும் இடங்களின் அருகே செல்கிறது. செலவில் பெரும்பங்கு பொதுப்பணம். நார்வே அரசின் பெரும் நிதியுதவியுடன் அமைந்த நார்தர்ன் லைட்ஸ் திட்டம், 100 கிலோமீட்டர் கடலடிக் குழாய் வழியே 2025 ஆகஸ்டில் முதல் முறையாக வாயுவை நிலத்தடியில் செலுத்தியது. இந்தியாவில் நீதி ஆயோக் 2022-இலேயே கார்பன் சேமிப்புக்கான கொள்கைச் சட்டகத்தை வெளியிட்டுவிட்டது. அமெரிக்காவிலோ, சடார்ஷியாவுக்குப் பிறகு உருவான புதிய பாதுகாப்பு விதிகளின் வரைவு 2025 ஜனவரியில் வெளிவந்து, ஆட்சி மாறிய சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. விதி தளரும்போது சரிபார்க்கும் வேலை வெளியிலுள்ள ஆய்வாளர்கள் மேல்தான் விழும். எண் இல்லாமல் அவர்கள் எதைச் சரிபார்ப்பது?

திறந்து வைக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வாயுக் கசிவு எப்படிப் பரவும் என்று அறிய பிபி, ஷெல் நிறுவனங்கள் இங்கிலாந்தின் ஸ்பேட்ஆடம் தளத்தில் நடத்திய கார்பன் டை ஆக்சைடு சோதனைகளின் தரவுகள், டிஎன்வி முன்னின்ற கூட்டுத் திட்டத்தின் வழியே பொதுவில் வைக்கப்பட்டன. அதனால் அந்நிறுவனங்கள் நொடித்துப் போய்விடவில்லை.

மாநாட்டுக் குழுக்கள் செய்யவேண்டியது பெரிதில்லை. கார்பன் டை ஆக்சைடு தொடர்பான கட்டுரைக்குச் சுருக்கம் கேட்கும் அறிவிப்பிலேயே, அச்சுகளில் எண்களும் அளவீட்டுப் பிழையின் வரம்பும் இருக்கவேண்டும், மூலத் தரவு கட்டுரையோடு சேரவேண்டும் என்று எழுதலாம். பொதுநிதி பெற்ற சோதனைகளுக்கு விலக்கே தேவையில்லை. தனியார் சோதனைகளுக்கு வேண்டுமானால் சில ஆண்டு அவகாசம் தரலாம். நிறுவனத்தின் சட்டப்பிரிவிடம் ஒப்புதல் கேட்கும் பொறியாளர் கையிலும் அப்போது ஒரு வாதம் இருக்கும்: எண்கள் இல்லையென்றால் கட்டுரையை ஏற்கமாட்டார்கள் என்று அவர் சொல்லலாம்.