உயிரை எடைக்குப் போடுகிறார்கள்!

"சும்மா தொங்குற கம்பிதானே, அறுத்தா காசு" என்று இருட்டிலே மின்கம்பம் ஏறுகிறார்கள்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அதுவே ஆளைக் கொன்றுவிடும். தெருவோரம் போகிற உயர் அழுத்தக் கம்பியிலோ 11 ஆயிரம் வோல்ட்! தொடக்கூட வேண்டாம், ரொம்ப நெருங்கினாலே பாயும். "கரண்ட் கட்டாயிருக்கு, பயமில்லே" என்கிறார்களாம். எந்த நொடி திரும்பி வரும் என்று இவர்களுக்குச் சொல்லிவிட்டா வரும்? யார் வீட்டு ஜெனரேட்டரில் இருந்தாவது தலைகீழாகப் பாய்ந்தாலும் போச்சு!

சரி, கிடைப்பதுதான் என்ன? செம்பு என்று நினைத்து ஏறுகிறான். அங்கே இருப்பது பெரும்பாலும் அலுமினியம். பல கம்பிகளில் நடுவே ஓடுவது வெறும் எஃகு. திருட்டுச் சரக்குக்குக் காயலான் கடையில் கேட்ட விலையா கொடுப்பார்கள்? அடிமாட்டு விலைதான்.

தெருவின் கதி அதைவிட மோசம். நியூட்ரல் கம்பியை அறுத்துவிட்டால் சில வீடுகளில் 400 வோல்ட் வரை எகிறும். கடன் வாங்கி வாங்கிய டி.வி., பிரிட்ஜ் எல்லாம் புகைந்து போகும். அறுந்து தொங்கும் முனையிலே விடியற்காலை பால் வாங்கப் போகிறவர் கை பட்டால்? அவர் என்ன பாவம் செய்தார்?

ஏறியவன் கருகிச் சாகிறான், அல்லது மாட்டிக்கொள்கிறான். வாங்கியவர் மட்டும் வெள்ளையும் சொள்ளையுமாக உட்கார்ந்திருக்கிறார். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி கம்பி திருடியவனுக்கு 3 ஆண்டு வரை ஜெயில். திருட்டுக் கம்பி என்று தெரிந்தே வாங்கினவருக்கும் அதே 3 ஆண்டு!

போலீசார் கம்பத்தடியில் மட்டும் காத்திருந்தால் போதாது. காயலான் கடைத் தராசையும் போய்ப் பார்க்கட்டும்.