பாடல் பெறாத ஊர்தி

நம் இளைஞர் இந்நாளில் எப்பொருளையும் 'கெத்து' என்னும் ஒரே சொல்லால் நிறுத்து விலையிடுகின்றனர். சட்டைக்கும் அதுவே அளவுகோல், ஊர்திக்கும் அதுவே. சொல்லின் பிறப்பைப் பற்றி ஈண்டு வழக்காட வரவில்லை. பொருளை நோக்கின், தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறிய பெருமிதத்துக்கு அஃது ஏதோ பேரன் முறை என்றே தோன்றுகிறது. இவ்வளவுகோலைக் கொண்டு, மலைநாட்டுச் சாலைகளில் இன்றும் ஓடுகின்ற ஒரு பழைய யப்பானியக் காரை அளந்து பார்த்தால் என்ன? அட்டன் முதல் நுவரெலியா வரை சிறு பிள்ளையும் அறிந்த 'டி.எக்ஸ். வேகன்' என்னும் டொயோட்டா கொரோலா வண்டியையே குறிக்கின்றோம்.

கொரோலா என்பது இலத்தீன் மொழியிற் சிறு மாலையைக் குறிக்கும். தாவரநூலார் அச்சொல்லைப் பூவின் இதழ்த் தொகுதிக்கு வைத்தனர். நம் பாடநூல்கள் அதனை அல்லிவட்டம் என்கின்றன. பெயர்தான் பூ. உருவமோ தகரப் பெட்டிக்குச் சக்கரம் பூட்டினாற் போன்றது. யப்பானில் 1979இல் வெளிவந்த நான்காம் தலைமுறைக் கொரோலாவின் ஒரு வடிவம் இது. பின்புறம் நீண்ட இவ்வடிவத்தை 1987 வரை செய்தனர். இலங்கை 1977இல் இறக்குமதிக் கதவைத் திறந்த பின்னர், யப்பானியர் ஓட்டிக் கழித்த வாகனங்கள் இங்கு வந்து குவிந்தன. அவர்களும் நம்மைப் போலச் சாலையின் இடப்புறத்தே செல்பவராதலின், சாரதி ஆசனத்தை மாற்றியமைக்கும் வேலையும் இல்லாதாயிற்று.

இவ்வண்டி மலைக்கு ஏற்றதாயினமைக்குக் காரணம் உண்டு. இதன் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளுபவை. பின்னே எத்துணைப் பாரம் ஏற்றுகின்றோமோ அத்துணை அழுத்தமாக அச்சக்கரங்கள் நிலத்தைப் பற்றும். ஆகவே லீக்ஸ் மூட்டையும் ஆறேழு பேரும் ஏறிய நிலையிலே ஈரக் கல்பாதையில் இது நன்றாக ஏறும். வெறும் வண்டியாய் ஏறும்போதே சற்று வழுக்கும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்தது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைய எஞ்சின் திணறும். அப்போது கராஜ் பாஸ் ஒருவர் திருப்புளி ஒன்றை எடுத்துக் காபரேட்டரைச் சிறிது திருகுவார், திணறல் தணியும். கணினி வேண்டியதில்லை, கொழும்புக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுமில்லை. மூடுபனியும் தூறலும் கதவின் அடியைத் துருவாக அரித்துவிடும் என்பதையும் மறைத்தற்கில்லை.

இனி, பெருமிதத்துக்கு வருவோம். கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கன் வழியாகப் பெருமிதம் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. பளபளப்பு அவற்றுள் ஒன்றன்று. தோட்டத்திலே கார் என்றால் ஒருகாலத்தில் அது துரையின் கார்தான். அதன் ஒலி கேட்டதும் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பது வழக்கமாய் இருந்தது என்று முதியோர் கூறுவர். அந்தப் பாதையிலேயே பின்னாளில், தந்தையின் சேமலாப நிதியைக் கொண்டு மகன் வாங்கிய வேகன் ஏறிச் சென்றது. லயத்து வாசலில் வந்து நின்ற முதற் கார் பல தோட்டங்களில் இத்தகைய யப்பானியப் பழவண்டியே.

கூலிக்கு ஓடுவது கொடையாகுமோ எனின், நள்ளிரவிற் பேறுகால நோவெடுத்த பெண்ணை ஏற்றி, "காசைச் சம்பளத்தன்று பார்த்துக்கொள்வோம், நீங்கள் ஏறுங்கள் அக்கா" என்று டிக்கோயா வைத்தியசாலைக்கு வண்டியைத் திருப்புகின்றவனை வேறு என்னென்று சொல்வது? மணப்பெண் சென்றதும் இதிலேதான். பரீட்சை எழுதும் பிள்ளைகள் நெருக்கியடித்துச் சென்றதும் இதிலேதான்.

புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடுமிடத்து, அவனைத் தேருக்கு ஒப்பிடவில்லை. உப்பு வணிகர் தம் வண்டியின் அடியிலே, மேடு பள்ளத்துக்கு அஞ்சிக் கட்டி வைக்கும் சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார். அரசிளங்குமரன் ஒருவனைச் சரக்கு வண்டியின் மாற்று அச்சாக்கிய புலமையை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மின்னும் தேரைப் பாடுதல் யார்க்கும் எளிது.

இந்த வேகனுக்கு வாய்க்காதது புலவர் ஒருவரே. இதன் இளவலின் கதையை மாணவர் சிலர் எமக்குக் காட்டினர். 1983இல் கொரோலாவின் பெரும்பாலான வகைகள் முன்சக்கர உந்துகைக்கு மாறியபோதும், பின்சக்கர உந்துகையை விடாத ஒரு வகை இருந்தது, ஏ.ஈ.86 என்பது அதன் எண். 1995இல் யப்பானிலே தொடங்கிய 'இனிஷியல் டி' என்னும் சித்திரக்கதையில், தந்தையின் கடைக்காக டோஃபு ஏற்றி மலைப்பாதையில் ஓடும் இளைஞனின் வண்டியாக அது வந்தது. டோஃபு என்பது சோயா அவரையிற் செய்யும் மெல்லிய கட்டி. அது குலையாமல் வளைவுகளைக் கடப்பதே அவ்விளைஞனின் பயிற்சி. கதை பரவியது; வண்டியை உலகமெங்கும் தேடி வாங்கலாயினர். அங்கே டோஃபு ஏற்றியது கெத்தாயின், இங்கே லீக்ஸ் ஏற்றியது ஏன் ஆகாது? பாடல் பெற்ற தலம், பாடல் பெறாத தலம் என்னும் வேற்றுமையன்றிப் பிறிதில்லை. மலையகக் கதை எழுதுவோர் லொறியை எழுதினர், துரையின் காரை எழுதினர். இவ்வண்டியை எழுதியவரை யாம் கண்டது அரிது.

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தோட்டத்து வளைவுகளில், 1934இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப்போட்டியை வசந்தகாலத்திற் காணத் திரளும் கூட்டத்தை யாம் குறை சொல்லவில்லை. வேகமும் ஓர் அழகே. ஆயினும் நாள்தோறும் பாரத்தோடு ஏறுவதைப் பார்க்க எவரும் வேலியோரம் நிற்பதில்லை.

பழைய வண்டியிற் காற்றுப்பை இல்லை, மோதினால் உயிர்க்காப்பு இல்லை என்று கூறுவோர் சொல்வது மெய். அதனை மறுப்பது பேதைமை. ஆனால் புதியதை வாங்க வழி வேண்டுமே! 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீளத் திறந்தனர். இடைப்பட்ட காலத்திற் பழவண்டிகளின் விலை மலையேறிற்று. ஓட்டிப் பிழைத்தவனே வாங்கமுடியாத நிலை. அதற்கு மேல், இப்போது நகரத்து இரசிகர் சிலருக்கும் இவ்வண்டி மீது காதல் பிறந்திருக்கின்றது. அகன்ற சக்கரம் பூட்டி, வில்லைத் தாழ்த்தி, வண்டியின் வயிறு தரையை உரசுமளவுக்கு இறக்கிவிடுகின்றனர். படத்துக்கு நன்றாய்த்தான் இருக்கின்றது. தோட்டத்துப் பாதையின் குறுக்கே வெட்டிய முதற் கானிலேயே அது நின்றுவிடும்.