18 வினாடி போதுமா?

வலங்கைமானுக்கு இரண்டு புகழ் உண்டு. ஒன்று, பங்குனியில் நடக்கும் பாடைக் காவடி. கொடிய நோயினின்று பிழைத்தவர் பிணம்போல் பாடையிலே படுத்து மாரியம்மன் கோயிலுக்குச் சுமந்து செல்லப்படுகிறார். மற்றொன்று, 1869இல் அங்கே பிறந்த சீனிவாச சாஸ்திரியார். அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்டு 'வெள்ளி நா' என்று வெள்ளையரே வியந்தனர்.

நோயும் நாவும்! இவ்விரண்டும் சந்திக்க வேண்டிய இடம் மருத்துவமனை. அங்கே சந்திக்கின்றனவா என்று கேட்கிறோம்.

நடவை விட்டு, ஒரு நாள் கூலியை இழந்து, ஆஸ்பத்திரி வரிசையிலே நிற்கிறான் உழைப்பாளி. முறை வந்ததும் வாய் திறக்கிறான். சொல்லி முடிப்பதற்குள் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது!

இந்தக் குறை நம் நாட்டில் மட்டுமல்ல. அமெரிக்காவில் பெக்மன், பிராங்கெல் எனும் இருவர், டாக்டரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளை ஆராய்ந்து 1984இல் வெளியிட்டனர். நோயாளி தன் குறையைச் சொல்லி முடித்தது 17இல் மட்டுமே! டாக்டர் குறுக்கிடும் வரை அவனுக்குக் கிடைத்தது சராசரி 18 வினாடி! செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்தக் கதியென்றால், ஏழையின் கதி என்ன?

காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து உண்ணவேண்டும். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடுகிறான் தொழிலாளி. நோய் திரும்புகிறது; பழைய மருந்துக்கு அடங்க மறுக்கிறது. 'படிக்காதவன்' என்று அவனைப் பழிக்கிறார்கள். ஏன் நிறுத்தக்கூடாது என்று அவனுக்குப் புரியும்படி சொன்னவர் யார்?

2019 முதல் இந்திய மருத்துவப் படிப்பிலே, நோயாளியிடம் பேசும் முறையும் பாடமாகியிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் எந்த மொழியில் பேசுவது? தஞ்சையிலும் திருவாரூரிலும் படிக்கும் மாணவர், நாளை நாற்றங்காலில் நிற்பவனோடு பேச வேண்டியவரல்லவா?

முடியாது என்பார்க்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுகிறோம். 1847இல் அங்கு வந்த அமெரிக்க டாக்டர் கிறீன், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்க்கு மருத்துவம் போதித்தார். அயலவருக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

1940இல் சாஸ்திரியார் தலைமையில் கலைச்சொல் குழு அமைந்தபோது, அது வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர் கொதித்தெழுந்தனர். மக்களுக்குப் புரியும் சொல் வேண்டும் என்பதே அன்றைய வழக்கு. இன்றைய வழக்கும் அதுவே.

டாக்டரை மட்டும் குறை கூறோம். நூறு பேருக்கு ஒருவரை உட்கார வைத்துவிட்டு, பொறுமையாகப் பேசு என்பது நியாயமாகாது. ஆகவே டாக்டர் பணியிடங்களைப் பெருக்குக! நோயாளியிடம் தமிழில் விளக்கிச் சொல்லும் திறனைத் தேர்விலே சோதித்து மதிப்பெண் வழங்குக!

தோழர்களே! ஊர்ப் படிப்பகத்தில் மருந்துச் சீட்டை விளக்கிச் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். முதியவருடன் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். 'இது என்ன நோய்? எத்தனை நாள் மருந்து?' என்று பணிவோடு, ஆனால் விடாது கேளுங்கள்.

கேட்பது பிச்சையன்று, உரிமை!