பெயர் வந்த வழி: வெஸ்லி



உங்கள் சபையின் அங்கத்தினர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாமுவேல், தானியேல், எஸ்தர் ஆகியோருக்கு நடுவே ஒரு வெஸ்லியாவது இருப்பார். ஜான் வெஸ்லி, வெஸ்லி ராஜ், வெஸ்லி தாஸ் என்று அந்தப் பெயர் நம் குடும்பங்களில் அவ்வளவு இயல்பாய்ப் புழங்குகிறது. வேதாகமத்தை முதல் அதிகாரத்திலிருந்து கடைசி அதிகாரம் வரை தேடினாலும் அப்பெயர் கிடைக்காது. ஆயினும் வேதப் பெயர்களுக்குச் சமமாய் அது நம்மிடம் மதிக்கப்படுகிறது.

நகரத்திற்குக் குடிபெயர்ந்து வந்த நமக்கு இப்பெயரால் வேறொரு காரியமும் நேரிட்டது. ஊரில் இருந்தவரை தகப்பனுடைய பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக்கொண்டு நிம்மதியாயிருந்தோம். மும்பையிலோ புனேயிலோ தில்லியிலோ பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, ‘சர்நேம்’ என்ற கட்டம் காலியாயிருக்கக் கூடாது என்றார்கள். தகப்பனின் பெயர் வெஸ்லி, அதையே எழுதினோம். அன்றுமுதல் பிள்ளை, அப்பிள்ளையின் பிள்ளை எல்லாரும் வெஸ்லி குடும்பத்தார். ஆங்கிலேயரிடத்தில் குடும்பப் பெயராய்ப் பிறந்து, நம்மிடத்தில் இயற்பெயராகி, ஒரு விண்ணப்பப் படிவத்தின் வழியாய் மறுபடியும் குடும்பப் பெயராய் மாறிய சொல் இது. அது நடந்து வந்த வழியை இம்மாதம் பார்ப்போம்.

பழைய ஆங்கிலத்தில் ‘லே’ அல்லது ‘லேயா’ என்ற ஒலியுடைய ஒரு சொல் இருந்தது. காட்டை வெட்டித் திருத்திய வெளி, மேய்ச்சல் புல்வெளி என்பது அதன் பொருள். ஸ்டான்லி என்றால் கல் நிறைந்த வெளி. பிராட்லி என்றால் அகன்ற வெளி. ஆஷ்லி என்றால் ஆஷ் மரங்கள் நிற்கும் வெளி. அவ்வாறே ‘வெஸ்ட் லே’ என்பது மேற்கேயுள்ள வெளி. டெவன் மாநிலத்தில் வெஸ்ட்லீ என்றும், சஃபோக் மாநிலத்தில் வெஸ்ட்லி என்றும் இப்பெயருள்ள கிராமங்கள் இன்றும் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, வரி வசூலிக்கவும் நிலத்துக்கு உரிமையாளர் இன்னார் என்று எழுதி வைக்கவும் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டவேண்டிய அவசியம் வந்தது. வில்லியம் என்ற பெயரில் பத்துப் பேர் இருந்தால், மேற்கு வெளியில் குடியிருந்த வில்லியம் ‘வெஸ்ட்லி’ ஆனார். அடுத்த சில நூற்றாண்டுகளில் அது பரம்பரைப் பெயராய் நிலைத்தது. நம் ஊர்களில் மேலத்தெருக்காரர், மேலக்காட்டார் என்று சொல்லுகிறோமே, ஏறக்குறைய அதே வழக்கம்தான். இப்பெயரில் பக்தியும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு திசையும் ஒரு புல்வெளியும் மாத்திரம் உண்டு.

ஜான் வெஸ்லியின் முன்னோர் தங்கள் பெயரை வெஸ்ட்லி என்றே எழுதினர். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் பார்த்தலோமேயு வெஸ்ட்லியும், பாட்டனார் ஜான் வெஸ்ட்லியும் டோர்செட் மாநிலத்தில் குருமாராயிருந்தவர்கள். 1662இல் அரசாங்கம் ஒரே ஜெபப் புத்தகத்தை எல்லாரும் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று சட்டம் செய்தபோது, மனச்சாட்சிக்கு விரோதமாய் நடக்க மாட்டோம் என்று தங்கள் பதவியை இழந்தனர். பாட்டனார் சிறைக்கும் போனார். அதே 1662இல் பிறந்த சாமுவேல்தான், வாலிபனாகி ஆக்ஸ்போர்டில் கற்றபின், பெயரின் நடுவேயிருந்த ‘ட்’ எழுத்தை விட்டுவிட்டு வெஸ்லி என்று கையெழுத்திடலானார். பாட்டனும் தகப்பனும் விட்டு வெளியேறிய அதே அரசாங்கச் சபையில் அவர் குருவாகவும் ஆனார். எழுத்து ஒன்று மாறியது; குடும்பத்தின் பாதையும் திரும்பியது. அதைக் குறித்து அவருடைய முன்னோர் என்ன நினைத்திருப்பார்களோ!

சாமுவேலும் அவர் மனைவி சூசன்னாளும் லிங்கன் மாநிலத்து எப்வொர்த் கிராமத்தில் வாழ்ந்தனர். சூசன்னாள் 19 பிள்ளைகளைப் பெற்றார். பிழைத்து வளர்ந்தவர்கள் மூன்று குமாரரும் ஏழு குமாரத்திகளும். 1703இல் பிறந்த ஜானையும் 1707இல் பிறந்த சார்லஸையும் உலகம் அறியும். 1709 பிப்ரவரியில் குருமனை தீப்பற்றி எரிந்தபோது, மாடிச் சன்னல் வழியாய் ஐந்து வயது ஜானை அயலார் தூக்கிக் காப்பாற்றியதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். குமாரத்திகளைக் குறித்து நாம் அதிகம் கேட்டதில்லை. அவர்கள் விவாகமானதும் வெஸ்லி என்ற பெயர் அவர்களைவிட்டுப் போயிற்று. பெரும்பாலும் சரித்திரமும் போயிற்று.

அவர்களுள் ஒருத்தி மெஹெதபேல். வீட்டில் ஹெட்டி என்பார்கள். சிறு வயதிலேயே கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசிக்கக் கற்றவள், கவி பாடும் வரம் பெற்றவள். விவாகத்திற்கு முன் அவள் வாழ்வில் நேர்ந்த ஒரு தவறை தகப்பனால் மன்னிக்கக் கூடவில்லை. 1725இல் அவளுடைய அறிவுக்கும் மனதுக்கும் சற்றும் பொருந்தாத ஒரு குழாய் வேலைக்காரருக்கு அவளை மணமுடித்தார்கள். அவளுடைய பிள்ளைகள் குழந்தைப் பருவத்திலேயே மரித்தன. தகப்பன் மனம் இளகவேயில்லை. இளைய சகோதரனாகிய ஜான் அடுத்த ஆண்டிலே, வ்ரூட் என்ற கிராமத்தில், தகப்பனின் பொறுப்பிலிருந்த ஆலயத்திலேயே நின்று, தவறினவர்களுக்கும் அன்பு காட்டவேண்டிய கடமையைப் பற்றிப் பிரசங்கித்தார். யாரைக் குறித்துப் பேசுகிறார் என்பது தகப்பனுக்கு விளங்கிற்று; கோபம் மகன்மேலும் திரும்பியது. ஜான் வெஸ்லியின் பிரசங்கங்களைப் பற்றிப் பேசும் நாம், தமக்கைக்காகச் செய்த அந்தப் பிரசங்கத்தையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பது என் எண்ணம்.

இனி, இப்பெயரோடு ஆஸ்தியும் சேர்ந்து வந்த கதைக்கு வருவோம். அயர்லாந்தில், டப்ளினுக்கு அருகேயுள்ள மீத் மாநிலத்தில், டாங்கன் என்னுமிடத்தில் கேரட் வெஸ்லி என்ற செல்வந்தர் இருந்தார். அவருக்குப் பிள்ளையில்லை. எப்வொர்த் குருவானவருக்குச் சார்லஸ் என்ற மகன் உண்டா என்று விசாரித்து, அவனைத் தமக்கு வாரிசாய்த் தரும்படி கேட்டார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சார்லஸ் படித்தபோது சில ஆண்டுகள் செலவுக்குப் பணமும் அனுப்பினார் என்று குடும்பத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். தகப்பனோ கடனில் தத்தளித்தவர். கடனுக்காகச் சிறையிலிருந்ததும் உண்டு. இருந்தும் முடிவை மகனிடமே விட்டுவிட்டார். சார்லஸ் அயர்லாந்துக்கு வர மறுத்துவிட்டார். சகோதரன் நல்ல தப்புதல் அடைந்தான் என்ற கருத்தில் ஜான் பிற்காலத்தில் இதைக் குறிப்பிட்டார்.

1728இல் கேரட் வெஸ்லி மரித்தபோது, அவருடைய உறவினராகிய ரிச்சர்ட் காலி என்பவருக்கு ஆஸ்தி போயிற்று. வெஸ்லி என்ற பெயரைச் சூடிக்கொள்ளவேண்டும் என்பதே நிபந்தனை. அவர் சூடிக்கொண்டார், பின்னர் பிரபுவாகவும் உயர்ந்தார். அவருடைய பேரர் இருவரை இந்தியா நன்றாய் அறியும். மூத்தவர் ரிச்சர்ட், 1798 முதல் 1805 வரை கவர்னர் ஜெனரல். இளையவர் ஆர்தர், 1797இல் கல்கத்தாவில் வந்திறங்கியபோது ஆர்தர் வெஸ்லி என்றே எழுதினார். அந்த ஐரியக் குடும்பத்தின் பழைய பெயர் வெல்லெஸ்லி. சாமர்செட் மாநிலத்தின் வெல்ஸ் நகருக்கு அருகேயுள்ள ஓர் இடத்திலிருந்து வந்தது. அது காலப்போக்கில் வெஸ்லி என்று குறுகியிருந்தது. பழைய நீண்ட வடிவம் கௌரவமானது என்று தமையன் அதற்குத் திரும்பியிருந்தார். 1798இல் தம்பியும் வெல்லெஸ்லி ஆனார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அதன் பொறுப்பு அவர் கையில் வந்தது. 1803இல் அசாயே யுத்தம், 1815இல் நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ. வெலிங்டன் கோமகன் அவரே. நீலகிரியில் குன்னூருக்கு அருகேயுள்ள வெலிங்டன் இராணுவக் குடியிருப்பு அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

சார்லஸ் அன்று சம்மதித்திருந்தால் இந்த ஆஸ்தியும் பட்டமும் வேறு வழியாய்ப் போயிருக்கும்; ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளும் எழுதப்படாமல் போயிருக்கும். இரு குடும்பங்களுக்கும் இரத்த உறவு உண்டென்று சொல்லப்பட்டாலும், அது உறுதியாய் நிறுவப்படவில்லை.

ஜான் வெஸ்லி 1751இல் விவாகம் செய்தார், பிள்ளையில்லை, விவாகமும் சமாதானமாயில்லை. 1791 மார்ச் 2ஆம் தேதி மரித்தார். சார்லஸின் குமாரர் சங்கீத வித்துவான்கள். அவர்களுள் சாமுவேல் 1784இல் ரோமன் கத்தோலிக்க சபையைத் தழுவியபோது சார்லஸ் மிகவும் மனமுடைந்தார். அந்தச் சாமுவேலுக்கு விவாகத்திற்குப் புறம்பே 1810இல் பிறந்தவர் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி. பாக் என்ற ஜெர்மானிய இசை மேதையின் நினைவாகச் செபாஸ்டியன் என்ற பெயர். திருச்சபையின் அஸ்திபாரத்தைக் குறித்த ஆங்கில ஞானப்பாட்டுக்கு இன்று உலகமெங்கும் பாடப்படும் ‘ஆரேலியா’ என்ற இராகம், 1864இல் வெளிவந்த அவருடைய இராகமே.

இப்படிப் பிள்ளையில்லாத ஜானின் பெயர், அவரைப் பார்த்திராதவர்களின் பிள்ளைகளுக்குப் போயிற்று. அமெரிக்காவில் மெதடிஸ்து பிரசங்கிமார் தங்கள் குமாரருக்கு அதை இட்டனர். அத்தகைய ஒரு பிரசங்கியின் மகன் ஜான் வெஸ்லி பவல், யுத்தத்தில் ஒரு கையை இழந்தபின்னும் 1869இல் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கைப் படகில் கடந்து ஆராய்ந்தார். இன்னொரு பிரசங்கியின் மகன் ஜான் வெஸ்லி ஹார்டின், டெக்சாஸ் மாநிலம் நடுங்கிய கொலைகாரன்; 1895இல் மதுக்கடையில் சுடப்பட்டு மாண்டான். இருவருடைய தகப்பன்மாரும் ஒரே எண்ணத்தோடுதான் பெயரிட்டிருப்பார்கள்.

நம்மவர்க்கு மிக நெருக்கமான வெஸ்லி ஒருவர் பார்படோஸ் தீவில் 1937இல் பிறந்தார். வெஸ்லி வின்ஃபீல்ட் ஹால். கிரிக்கெட் பார்த்த பெரியவர்கள் வெஸ் ஹால் என்றால் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். 1958-59இல் இந்தியாவுக்கு வந்து ஐந்து டெஸ்டுகளில் 30 விக்கெட்டுகளை வீழ்த்திய வேகப் பந்து வீச்சாளர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளுக்கு மெதடிஸ்து ஊழியம் பரவிய வரலாற்றின் அடையாளமாகவே அப்பெயர் அங்கே வேரூன்றியது. ஜான் வெஸ்லி 1774இல் அடிமைத்தனத்தைக் கண்டித்து நூல் எழுதினார்; மரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன் வில்பர்ஃபோர்ஸுக்கு எழுதிய கடிதமும் அதைப் பற்றியதே. வெஸ் ஹால் விளையாட்டை விட்டபின் தம் நாட்டில் அமைச்சரானார். பின்பு பெந்தெகொஸ்தே சபையில் போதகராகவும் அபிஷேகம் பண்ணப்பட்டார்.

நமக்கு இப்பெயர் கடல் வழியாய் வந்தது. தாமஸ் கோக் என்ற மெதடிஸ்து தலைவர் சில வாலிபரோடு இலங்கைக்குப் புறப்பட்டார். 1814 மே மாதத்தில் கடலிலேயே மரித்தார். மற்றவர்கள் முதலில் கரையேறிய துறைமுகம் பம்பாய்! அங்கிருந்து காலிக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் தமிழரிடையே ஊழியம் தொடங்கியது. 1817இல் ஜேம்ஸ் லின்ச் சென்னைக்கு வந்தார். ராயப்பேட்டையின் வெஸ்லி ஆலயமும் வெஸ்லி பள்ளியும், ஜான் வெஸ்லியின் நினைவு நாளாகிய மார்ச் 2இல் 1874ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு வெஸ்லி கல்லூரியும் அந்த வழியின் அடையாளங்கள். 1906இல் எழுப்புதல் உண்டான அசூசா வீதிக் கட்டடமும் முன்பு கறுப்பின மெதடிஸ்தருடைய ஆலயமாயிருந்ததே. ஆகவே பெந்தெகொஸ்தே வீட்டில் வெஸ்லி பிறப்பது விந்தையல்ல.

ஒரு நடைமுறைக் காரியம். சாமுவேல் வெஸ்ட்லி ஓர் எழுத்தை விட்டபோது அவரிடம் கடவுச்சீட்டு கேட்பாரில்லை. நம் காலம் அப்படியல்ல. ஆங்கிலத்தில் இப்பெயரின் கடைசியில் ஒரு வீட்டிலேயே அண்ணனுக்கு ஈ, ஒய் என்று இரண்டெழுத்தும், தம்பிக்கு ஒய் மாத்திரமும் இருப்பதைக் காண்கிறோம். பள்ளிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு மூன்றிலும் ஒரே எழுத்துக் கூட்டல் இருக்கட்டும். ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாய் விட்டுக் கடவுச்சீட்டு எடுத்தவர்கள் வளைகுடாப் பயணத்தின்போது கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மாத்திரமுள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது, தகப்பன் பெயர் கடவுச்சீட்டின் வேறு பக்கத்தில் அச்சாகியிருந்தால் ஏற்கப்படும் என்று பின்பு விளக்கமும் தந்தது. ஆகையால் புறப்படுமுன் பயண முகவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்த மாதம்: செருப்புத் தைத்தவரும் மொழிகள் பல கற்றவருமான வில்லியம் கேரியின் குடும்பப் பெயர்.