ஷாம்பூ போட்டுக் குளித்த இதயம்

செத்துப்போன எலியோட இதயத்துக்கு ஷாம்பூ குளியல் போட்டா என்ன ஆகும் ஃப்ரெண்ட்ஸ்? காமெடி இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டோரிஸ் டெய்லர் குழு செய்து, 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. பல ஷாம்பூக்களில் நுரை வரவைக்கிற அதே ரசாயனத்தை, இதயத்தின் ரத்தக்குழாய் வழியா ஓடவிட்டாங்க. செல்கள் கரைஞ்சு வெளியேற, மிஞ்சியது வெள்ளைவெளேர்னு ஒரு கூடு. கட்டடத்துக்குக் கட்டுற சாரம் மாதிரி, கொலாஜன் போன்ற புரதங்களால் ஆன உள்சாரம். வால்வு, ரத்தக்குழாய்ப் பாதை எல்லாம் அப்படியே!

அதில் எலிக்குட்டிகளின் இதய செல்களைச் செலுத்தினார்கள். நாலாம் நாள் துடிப்பு. எட்டாம் நாள் பம்ப்பே பண்ணுச்சு! விசிலை நிறுத்துங்க... வளர்ந்த எலி இதயத்தோட பலத்தில் அது சுமார் 2 சதவிகிதம்தான்.

எதுக்கு இத்தனை மெனக்கெடல்? மாற்று உறுப்பை உடம்பு எதிரியா பார்க்க முக்கியக் காரணம், அதிலுள்ள அடுத்தவர் செல்கள். சாரத்தில் நோயாளியின் செல்களையே குடியேத்திட்டா, ஆயுசு பூரா எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மாத்திரை முழுங்க வேண்டாம்னு கணக்கு. ஆனா, கோடானுகோடி செல்களை மூலைமுடுக்கெல்லாம் உட்காரவைக்கிறது லேசுப்பட்ட வேலையா? முழு இதயம் இன்னும் மனுஷனுக்கு வந்தபாடில்லை.

தட்டையான சாரங்கள் மட்டும் எப்பவோ ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நுழைஞ்சாச்சு. பன்றிக் குடலின் மெல்லிய படலத்தில் செல்களை நீக்கி எடுத்த தாளை, ஆறாத புண்ணுக்கும் ஹெர்னியாவுக்கும் ஒட்டுப்போடுறாங்க. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு, அதே இடத்தில் சொந்தத் திசுவை நெய்துக்குது.